தாயைப் பார்க்க வந்த பயணம் பிரசாவுரிமைக்குத் தடையாகுமா?

கிளிநொச்சி மாவட்டத்தின் அக்கராயன் பகுதியில், யுத்த காலத்தில் தமது பிள்ளைகளில் ஒருவரையேனும் கடல் கடந்து அனுப்பிவைத்த குடும்பங்கள் பல உள்ளன. அத்தகைய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். வயோதிபத் தாய் படுக்கையில் இருக்கிறார். மகன் கனடாவில் தஞ்சம் கோரி, அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, நிரந்தர வதிவிட உரிமையும் பெற்றுவிட்டார். "கண் மூடுவதற்குள் ஒருதரம் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ தம்பி" என்று தொலைபேசியில் செய்தி போகிறது. மகன் இலங்கைத் தூதரகத்தில் கடவுச்சீட்டு ஒன்றைப் பெற்றுக்கொண்டு வருகிறார். மூன்று வாரம் தங்கித் தாயின் இறுதிக் கிரியைகளையும் முடித்துவிட்டுத் திரும்புகிறார். சில வருடங்களின் பின்னர் கனேடியப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கிறார். அப்போது அதிகாரியிடமிருந்து வருவது வாழ்த்துக் கடிதமன்று, "எந்த நாட்டிற்கு அஞ்சித் தஞ்சம் கோரினீரோ அந்த நாட்டிற்கு எதற்காகச் சென்றீர்?" என்ற வினாவே வருகிறது.

இந்த வினாவுக்குத் தக்க விடை இல்லாவிடின் பிரசாவுரிமை மட்டுமன்றி, கையில் இருக்கும் வதிவிட உரிமையும் பறிபோகலாம் என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை. இங்கிருந்து "வந்து போ" என்று அழைக்கும் பெற்றோரும் சகோதரரும் அதனை அறிந்திருப்பதில்லை. எனவே இவ்விடயத்தின் சட்ட நிலைப்பாட்டை எமது வாசகர்கள் விளங்கிக்கொள்வது அவசியமாகும்.

வன்னியும் வெளியேற்றமும்

அக்கராயன் குளத்தை நம்பி வயல் செய்து வாழ்ந்த மக்களின் வாழ்க்கை, இடப்பெயர்வுகளால் பலமுறை குலைந்தது. 1996ஆம் ஆண்டு கிளிநொச்சி நகரம் படையினர் வசமானபோது, அங்கிருந்து இடம்பெயர்ந்தோர் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி ஆகிய பகுதிகளில் தஞ்சமடைந்தனர். 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் போர் அக்கராயனையே கடந்து சென்றது. அன்று அடைக்கலம் கொடுத்த ஊர் மக்களே கிழக்கு நோக்கி நடந்து, 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலும் பின்னர் செட்டிகுளம் முகாம்களிலும் போய் நின்றனர்.

இக்கால இடைவெளிகளில் வெளிநாடுகளுக்குச் சென்று தஞ்சம் கோரியோர் பலர். 2009 ஒக்டோபரில் 76 பேருடன் 'ஓஷன் லேடி' கப்பலும், 2010 ஓகஸ்டில் 492 பேருடன் 'சன் சீ' கப்பலும் கனடாவின் மேற்குக் கரையை அடைந்தமை யாவரும் அறிந்ததே.

தஞ்சம் தேடியவர்கள் தமிழர்கள் மாத்திரமல்லர். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி உள்ளிட்ட வட மாகாணத்தின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் அகதி வாழ்க்கை வாழ்ந்தனர். இலங்கை முஸ்லிம்களிலும் மேலை நாடுகளில் தஞ்சம் கோரி ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் உள்ளனர். ஆகையால் இங்கே விளக்கப்படும் சட்டம் இரு சமூகத்தவருக்கும் ஒருங்கே பொருந்துவதாகும்.

தாயகம் திரும்பிப் பார்த்த பயணங்களும் இரு கட்டங்களாக நிகழ்ந்தன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏப்ரலில் ஏ9 வீதி திறக்கப்பட்டதும் ஒரு தொகுதியினர் வந்தனர். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதோடு அது நின்றது. 2009இல் யுத்தம் முடிந்தபின் அடுத்த தொகுதியினர் வரத் தொடங்கினர். கோயில் திருவிழா, திருமணம், காணிப் பிணக்கு, மரணம் எனக் காரணங்கள் பல. ஆனால் சட்டத்தின் பார்வையில் இக்காரணங்கள் எல்லாம் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை.

சாசனம் சொல்வது என்ன?

அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டின் ஜெனீவா சாசனமே இவ்விடயத்தின் அடித்தளமாகும். இச்சாசனத்தில் இலங்கை ஒப்பமிடவில்லை. ஆயினும் எம்மவர் சென்றடைந்த கனடா, பிரித்தானியா, சுவிற்சர்லாந்து முதலிய நாடுகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அமெரிக்கா 1967ஆம் ஆண்டின் இணைப்பு உடன்படிக்கை மூலம் அதே கடப்பாட்டை ஏற்றுக்கொண்டது.

இச்சாசனத்தின் 34ஆம் உறுப்புரை, அகதிகள் தத்தமது புகலிட நாட்டில் பிரசாவுரிமை பெறுவதை அரசுகள் இயன்றவரை இலகுவாக்க வேண்டும் என்கிறது. அதே சாசனத்தின் முதலாம் உறுப்புரையின் 'இ' பிரிவோ, அகதி அந்தஸ்து எப்போது முடிவுறும் என்பதை ஆறு சந்தர்ப்பங்களாக வகுத்துள்ளது. அவற்றுள் முதலாவது, தனது தாய்நாட்டின் பாதுகாப்பைத் தானாக விரும்பி மீண்டும் பெற்றுக்கொள்வது. நான்காவது, விட்டு வந்த நாட்டில் மீண்டும் விரும்பிக் குடியமர்வது. புதிய நாடொன்றின் பிரசாவுரிமையைப் பெற்று அதன் பாதுகாப்பை அனுபவிப்பதும், அஞ்சிய சூழ்நிலை அடிப்படையிலேயே மாறிவிடுவதும் ஏனையவற்றுள் அடங்கும்.

தர்க்கம் எளிமையானது. "என் அரசு என்னைப் பாதுகாக்காது" என்று கூறியவரே அகதியாகிறார். அவர் அதே அரசிடம் கடவுச்சீட்டைக் கேட்டு வாங்கும்போது, "என்னை உனது பிரசையாகக் கருதிப் பாதுகாப்பாயாக" என்று கேட்டதாகவே சட்டம் கொள்கிறது. கடவுச்சீட்டு வெறும் பயணத் தாளன்று. அது ஓர் அரசு தனது பிரசைக்குக் கொடுக்கும் பாதுகாப்பு உறுதிமொழி.

எனினும் ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் 1979ஆம் ஆண்டு கைந்நூல் இதற்கு மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. அகதியின் செயல் அவரது சுயவிருப்பில் அமைந்ததாயிருக்க வேண்டும். தாய்நாட்டின் பாதுகாப்பைப் பெறும் எண்ணம் அவருக்கு இருந்திருக்க வேண்டும். அப்பாதுகாப்பு உண்மையாகவே கிடைத்திருக்கவும் வேண்டும். முதுமையுற்ற அல்லது நோயுற்ற பெற்றோரைப் பார்க்கச் செல்வதும், விடுமுறைக்கோ வியாபாரத்திற்கோ அடிக்கடி சென்று வருவதும் ஒன்றல்ல என்பதை அக்கைந்நூலே எடுத்துரைக்கின்றது. பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் போன்றவற்றை எடுப்பது மாத்திரம் தாய்நாட்டுப் பாதுகாப்பை நாடியதாகாது எனவும் அது கூறுகிறது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலைக் கவனிக்க வேண்டும். புகலிட நாடுகள் அகதிகளுக்கு வழங்கும் பயண ஆவணம், தப்பி வந்த நாட்டைத் தவிர ஏனைய நாடுகளுக்கே பொதுவாகச் செல்லுபடியாகும். எனவே இலங்கைக்கு வர விரும்பும் அகதி, தூதரகத்தின் வாசலுக்குச் சென்று இலங்கைக் கடவுச்சீட்டைப் பெறுவதே வழக்கமாகி விடுகிறது. அங்கேயே சிக்கல் தொடங்கி விடுகிறது.

கனடாவில் நேர்ந்த மாற்றம்

கனடாவில் முன்னரும் அகதி அந்தஸ்து முடிவுறுத்தப்படலாம் என்ற விதி இருந்தது. ஆனால் நிரந்தர வதிவிட உரிமை பெற்றுவிட்டவரை அது பெரிதாகப் பாதிக்கவில்லை. அகதி அந்தஸ்து போனாலும் வதிவிட உரிமை எஞ்சியிருந்தது. 2012 டிசெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தம் இந்த நிலையை முற்றாக மாற்றியது. தாய்நாட்டுப் பாதுகாப்பை விரும்பி மீளப் பெற்றார், அல்லது அங்கே மீளக் குடியமர்ந்தார் என்ற காரணங்களால் அகதி அந்தஸ்து முடிவுறுத்தப்படின், அதே கணத்தில் நிரந்தர வதிவிட உரிமையும் இழக்கப்படும். ஊரில் சூழ்நிலை மாறிவிட்டது என்ற காரணத்தால் மாத்திரம் அந்தஸ்து முடிவுறுத்தப்பட்டால் வதிவிட உரிமை போகாது. இந்த வேறுபாடு மிக முக்கியமானது. யுத்தம் முடிந்துவிட்டது என்பதற்காக ஒருவர் கனடாவில் தம் வதிவிட உரிமையை இழப்பதில்லை. தாமாகச் செய்த பயணத்திற்காகவே இழக்கிறார்.

இதற்கான விண்ணப்பத்தை அரச தரப்பு, குடிவரவு அகதிகள் சபையின் அகதிகள் பாதுகாப்புப் பிரிவிடம் சமர்ப்பிக்கும். அங்கு தீர்ப்பு பாதகமானால் அகதிகள் மேன்முறையீட்டுப் பிரிவுக்குச் செல்ல முடியாது. சமஷ்டி நீதிமன்றத்தின் அனுமதி பெற்று நீதிமுறை மீளாய்வு கோருவது ஒன்றே வழி. மனிதாபிமான அடிப்படையிலான விண்ணப்பத்திற்கும் பொதுவாகப் பன்னிரண்டு மாதத் தடை உண்டு. இவ்விதிக்குக் கால எல்லை எதுவும் கிடையாது. பத்து வருடங்களுக்கு முன்னர் செய்த பயணமும் இன்று கேள்விக்குள்ளாகலாம். திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன்னர் மேற்கொண்ட பயணங்களும் விசாரணைகளில் கருத்திற் கொள்ளப்பட்டுள்ளன.

பிரசாவுரிமை விண்ணப்பமே இந்த விசாரணைக்குப் பெரும்பாலும் வாசலாக அமைகிறது. விண்ணப்பத்திற்கு முன்னைய ஐந்து வருடங்களில் 1,095 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனைக் கணக்கிட, விண்ணப்பதாரர் தாம் நாட்டை விட்டுச் சென்ற ஒவ்வொரு பயணத்தையும், சென்ற நாட்டையும், காரணத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். கடவுச்சீட்டின் பக்கங்களையும் காட்ட வேண்டும். அதுவரை எவர் கண்ணிலும் படாத கட்டுநாயக்க விமான நிலையத்தின் முத்திரை அப்போது அதிகாரியின் கண்ணில் படுகிறது. நிரந்தர வதிவிட அட்டையைப் புதுப்பிக்கும்போதும் இவ்வாறே நிகழ்வதுண்டு.

"பிரசாவுரிமைக்குரிய தகுதிகள் யாவும் எனக்கு உண்டு, விசாரணை முடியும்வரை விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க முடியாது" என்று வாதிட்ட இலங்கையர் ஒருவரின் வழக்கு சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. அகதி அந்தஸ்து தொடர்பான நடவடிக்கை முடியும்வரை பிரசாவுரிமை விண்ணப்பத்தை இடைநிறுத்தி வைக்க அமைச்சருக்கு அதிகாரம் உண்டென 2017ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதாவது, பிரசாவுரிமை எனும் கரையை எட்டுமுன் ஓடத்தை நிறுத்திச் சோதனையிடும் அதிகாரம் உறுதி செய்யப்பட்டது.

ஆனால் 2022இல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஓரளவு ஆறுதல் தரும் தீர்ப்பையும் வழங்கியது. கொலம்பியாவிலிருந்து சிறு வயதில் தாயுடன் வந்து அகதியாக ஏற்கப்பட்ட பெண்ணொருவர், பின்னாளில் தந்தையைப் பராமரிப்பது உள்ளிட்ட காரணங்களுக்காகத் தாய்நாடு சென்று வந்தார். அங்கு அவர் தனியார் மெய்ப்பாதுகாவலரையும் அமர்த்தியிருந்தார். கடவுச்சீட்டைப் பெற்றுப் பயணம் செய்தமை மாத்திரம் போதாது. அப்பயணத்தின் விளைவை அவர் உண்மையாகவே அறிந்திருந்தாரா, அவர் அஞ்சியது அரசுக்கா அல்லது அரசு சாராத ஆயுதக்குழுவுக்கா, பயணத்தின் நோக்கம் யாது, எத்தனை முறை சென்றார், தம்மைக் காத்துக்கொள்ள என்ன முன்னேற்பாடு செய்தார், தீர்ப்பினால் அவருக்கு நேரும் பாதிப்பு எத்தகையது என்பனவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் வழிகாட்டியது. இவற்றில் எந்த ஒன்றும் தனித்து முடிவைத் தீர்மானிப்பதாகாது.

அஞ்சியது யாருக்கு?

மேற்சொன்னவற்றுள் இரண்டாவது அம்சம் எமது மக்களுக்கு மிகவும் பொருத்தமானது. படையினரின் கைதுக்கும் சித்திரவதைக்கும் அஞ்சித் தஞ்சம் பெற்ற தமிழர் ஒருவர், அதே அரசின் கடவுச்சீட்டுடன் அதே அரசின் அதிகாரிகள் இருக்கும் விமான நிலையத்தினூடாக வருவாராயின், அவரது அச்சம் எங்கே போயிற்று என்ற கேள்வி இயல்பாகவே எழும். விடுதலைப் புலிகளின் வெளியேற்றத்துக்கும் அச்சுறுத்தலுக்கும் உள்ளாகித் தஞ்சம் பெற்ற முஸ்லிம் ஒருவரோ, மாற்றுக் கருத்துக் காரணமாக அஞ்சி ஓடிய தமிழர் ஒருவரோ இலங்கைக் கடவுச்சீட்டைப் பெற்றால், அவர் அஞ்சியது அந்த அரசுக்கு அல்லவே என்ற வாதத்துக்கு இடமுண்டு. ஆனால் இது ஒரு வாதமே தவிர, பயணத்துக்கான அனுமதிச் சீட்டு அன்று என்பதை மறக்கலாகாது.

இதனால்தான் ஒவ்வொருவரும் தாம் தஞ்சம் கோரியபோது கொடுத்த வாக்குமூலத்தில் என்ன கூறப்பட்டிருந்தது என்பதை அறிந்திருப்பது அவசியமாகிறது. முகவர் ஒருவரோ மொழிபெயர்ப்பாளர் ஒருவரோ எழுதிக் கொடுத்ததில் கையொப்பமிட்டவர்கள், அதில் என்ன இருக்கிறது என்பதையே மறந்திருப்பர். அதிகாரியின் கோப்போ எதையும் மறப்பதில்லை.

அமெரிக்காவின் நடைமுறை

அமெரிக்காவில் தஞ்சம் வழங்கப்பட்டவர், ஒரு வருடம் அங்கு இருந்தபின் நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அவ்வுரிமை கிடைக்கும்போது அது ஒரு வருடம் முற்திகதியிடப்படும். அதனால் ஏனையோருக்கு ஐந்து வருடம் தேவைப்படும் பிரசாவுரிமைத் தகுதி, இவர்களுக்கு அட்டை கிடைத்த நான்கு வருடத்தில் வந்துவிடுகிறது. ஐந்து வருடக் காலத்தில் குறைந்தது முப்பது மாதங்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட ஒரே பயணம் தொடர்ச்சியான வதிவைப் பற்றிய கேள்வியை எழுப்பும். ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகின் அத்தொடர்ச்சி பொதுவாக முறிந்துவிடும்.

விண்ணப்பப் படிவம் ஐந்து வருடப் பயணங்களின் விபரத்தைக் கேட்கிறது. தாய்நாட்டுப் பயணம் ஒன்று இருப்பது மாத்திரம் பிரசாவுரிமையை மறுக்கும் காரணமன்று. ஆயினும் அங்கு வேறொரு விதத்தில் கத்தி தொங்குகிறது. பிரசாவுரிமை பெற வேண்டுமாயின், நிரந்தர வதிவிட உரிமை சட்டப்படி பெறப்பட்டதாக இருக்க வேண்டும். "இவ்வளவு சுலபமாக ஊருக்குச் சென்று வந்தவர் அன்று சொன்ன கதை உண்மைதானா?" என்ற ஐயம் அதிகாரிக்கு எழுந்தால், பழைய தஞ்சக் கோப்பு முழுவதும் மீளத் திறக்கப்படும். வதிவிட உரிமை பெற்ற பின்னரும் இந்த ஆபத்து நீடிக்கிறது என்பதை அந்நாட்டுக் குடிவரவுத் துறை தனது அறிவித்தல்களிலேயே கூறியுள்ளது.

வன்னியிலிருந்து சென்றோருக்கு மேலதிகமாக ஒரு சிக்கல் உண்டு. 1997 ஒக்டோபரில் அமெரிக்கா விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. அவ்வமைப்பின் கட்டுப்பாட்டில் வாழ்ந்தோர் வரி செலுத்தியதும், உணவு கொடுத்ததும், வேலை செய்ததும் 'பொருளுதவி' என்ற வரையறைக்குள் விழக்கூடும். அச்சுறுத்தலின்பேரில் செய்தோருக்கு விதிவிலக்களிக்க ஏற்பாடு இருப்பினும், அது தனித்தனியாக ஆராய்ந்தே வழங்கப்படும். கோப்பு மீளத் திறக்கப்படும்போது இக்கேள்வியும் மீள எழக்கூடும்.

பிரித்தானியா, சுவிற்சர்லாந்து

பிரித்தானியாவில் அகதிகள் ஐந்து வருடத்தின் பின் நிரந்தர வதிவிட உரிமைக்கும், அதிலிருந்து ஒரு வருடம் கழித்துப் பிரசாவுரிமைக்கும் விண்ணப்பிப்பதே நீண்டகால வழமையாக இருந்தது. ஐந்து வருடத்தில் 450 நாட்களுக்கும், கடைசி வருடத்தில் 90 நாட்களுக்கும் மேற்படாதவாறே வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். நிரந்தர வதிவிட விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது தாய்நாட்டுப் பயணம் கவனிக்கப்படுகிறது. அகதி நிலையைத் தாமாக விட்டொழித்தவரின் நிரந்தர வதிவிட உரிமையை நீக்க, 2002ஆம் ஆண்டின் சட்டம் உள்துறைச் செயலாளருக்கு அதிகாரம் அளித்துள்ளது. அத்துடன் 2025 பெப்ரவரி 10 முதல், சட்டவிரோதமாக நாட்டிற்குள் நுழைந்தவர்களின் பிரசாவுரிமை விண்ணப்பங்கள், எவ்வளவு காலம் கடந்திருப்பினும், பொதுவாக நிராகரிக்கப்படும் என வழிகாட்டல் மாற்றப்பட்டது. அவ்வருட நவம்பரில் அகதி அந்தஸ்தையே தற்காலிகமானதாக்கும் திட்டத்தையும் அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆகவே பிரித்தானியாவில் உள்ளோர் பழைய அனுபவங்களைக் கேட்டு நடப்பது ஆபத்தானது.

சுவிற்சர்லாந்தில் அங்கீகரிக்கப்பட்ட அகதிகள் தாய்நாட்டிற்குப் பயணம் செய்வதைச் சட்டமே தடை செய்கிறது. அவ்வாறு சென்றவர், வற்புறுத்தலின் காரணமாகவே சென்றதைக் காட்டினாலன்றி அகதி அந்தஸ்தை இழக்க நேரிடும். அங்கு 2018 முதல் நடைமுறையிலுள்ள பிரசாவுரிமைச் சட்டம், சாதாரண முறையில் விண்ணப்பிப்பவர் பத்து வருடம் வதிந்திருப்பதையும் 'சீ' வதிவிட அனுமதி வைத்திருப்பதையும் கோருகிறது.

செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

முதலாவதாக, பயணம் செய்யாதவர்கள் காத்திருப்பதே மேல். பிரசாவுரிமை கிடைத்தபின் அந்நாட்டுக் கடவுச்சீட்டில் வருபவர்மீது, தாய்நாட்டுப் பாதுகாப்பை நாடினார் என்ற இந்த விதி பாயாது. பெற்றோரைச் சந்திப்பது தவிர்க்க முடியாததாயின், அகதிப் பயண ஆவணத்துடன் தமிழ்நாடு, மலேசியா போன்ற மூன்றாம் இடமொன்றில், அந்நாடு விசா வழங்குமாயின், சந்திக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு மூன்றாம் நாட்டுக்குச் செல்வது தீர்வாகாது. கடவுச்சீட்டைப் பெற்றுப் பயன்படுத்துவதே, எந்த நாட்டுக்குச் சென்றாலும், கனடாவில் எதிரான அனுமானத்தைத் தோற்றுவிக்கும்.

இரண்டாவதாக, ஏற்கனவே சென்று வந்தவர்கள் அதனை மறைக்கக் கூடாது. விமானப் பயணத் தரவுகள் அரசுகளிடம் உள்ளன. மறைத்துப் பெற்ற பிரசாவுரிமை பொய்த் தகவலால் பெறப்பட்டதாகக் கருதப்பட்டு, பல வருடங்களின் பின்னரும் இரத்தாகலாம். விளக்கக்கூடிய ஒரு பயணத்தை, விளக்க முடியாத ஒரு பொய்யாக மாற்றிவிடுவது பெருந்தவறு. படிவத்தை நிரப்பும் முன்பாகவே, குடிவரவுச் சட்டத்தில் தேர்ச்சி பெற்ற, உரிமம் உள்ள சட்டத்தரணி ஒருவரைச் சந்தித்து, விண்ணப்பிப்பதா, காத்திருப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டும். பழைய தஞ்சக் கோப்பின் பிரதியை அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமை மேற்கூறிய நாடுகளில் உண்டு. அதனைப் படிக்காமல் புதிய படிவத்தில் எழுதுவது, வரம்பைப் பாராமல் வயலுக்குத் தண்ணீர் திறப்பது போன்றதாகும்.

மூன்றாவதாக, பயணத்தின் காரணத்தை நிரூபிக்கும் ஆவணங்களைத் திரட்ட வேண்டும். இதில் ஊரில் உள்ளோரின் பங்கு பெரிது. தாயின் மருத்துவ அறிக்கைகள், மரணச் சான்றிதழ், கிராம அலுவலரின் கடிதம், எங்கே யாருடைய வீட்டில் தங்கினார் என்பதற்கான சத்தியக்கடதாசி ஆகியவற்றை ஊரிலிருந்து அனுப்பி உதவலாம். பகிரங்கமாக விழா எடுத்துக் கொண்டாடிய படங்களும், "உயிருக்கு அஞ்சி மறைந்திருந்தேன்" என்ற வாக்குமூலமும் ஒன்றோடொன்று பொருந்தா என்பதையும் உறவினர் உணர வேண்டும்.

நான்காவதாக, குடும்பத்தில் எவர் அகதி, எவர் அகதியல்லர் என்பதை வேறுபடுத்தி அறிய வேண்டும். கனடாவில் கணவன் அகதியாக ஏற்கப்பட்டு, பின்னர் அவரது அனுசரணையில் சென்ற மனைவி பொதுவாக அகதி அந்தஸ்து பெற்றவர் அல்லர். அவரது பயணத்தை இவ்விதி நேரடியாகப் பாதிக்காது. மாறாக, பெற்றோருடன் சேர்ந்து சிறுவயதில் அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை, வளர்ந்தபின் செய்யும் பயணத்துக்குத் தானே பொறுப்பாளியாகிறது.

இலங்கைப் பக்கம்

பிரசாவுரிமை கிடைத்ததும் இன்னொரு கதவு மூடுகிறது என்பதையும் கூறியாக வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, விரும்பி வேறு நாட்டின் பிரசையாகும் இலங்கையர் தமது இலங்கைப் பிரசாவுரிமையை இழக்கிறார். அதனை மீளப் பெற விரும்புவோர், 1987இல் செய்யப்பட்ட திருத்தத்தின் கீழ் இரட்டைப் பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2011இல் இடைநிறுத்தப்பட்ட இந்நடைமுறை 2015இல் மீண்டும் ஆரம்பிக்கப்பட்டது. 2022இன் 21ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரட்டைப் பிரசைகள் பாராளுமன்றத்துக்குத் தெரிவாவதைத் தடுத்துள்ளதே தவிர, அந்த உரிமையை நீக்கவில்லை.

காணி விடயத்தில் இது நேரடியாகத் தாக்கும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உடைமை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைப் பிரசைகளும் வாரிசுரிமையால் காணி பெறும் நெருங்கிய உறவினரும் அதில் விலக்களிக்கப்பட்டுள்ளனர். ஆனால் அக்கராயன் போன்ற குடியேற்றப் பகுதிகளில் வயலும் மேட்டு நிலமும் பெருமளவு அரச அனுமதிப்பத்திரக் காணிகளாகும். அவற்றின் பின்னுரித்து வேறு விதிகளால் ஆளப்படுகிறது. தந்தையின் பெயரில் உள்ள பத்திரத்தில் பின்னுரித்தாளராக யார் பெயர் குறிக்கப்பட்டுள்ளது, வெளிநாட்டுப் பிரசையாகிவிட்ட மகன் பெயரா என்பதைக் கரைச்சிப் பிரதேச செயலகத்தில் இப்போதே விசாரித்து அறிந்து கொள்வது பின்னர் வரும் பிணக்கைத் தவிர்க்கும்.

கடவுச்சீட்டின்றிப் படகில் சென்றவர்களுக்கு, குடிவருவோர் குடியகல்வோர் சட்டத்தின் கீழ் இங்கேயும் விசாரணை காத்திருக்கலாம். உயிர்காக்க ஓடியவர்களை அதற்காகவே குற்றவாளிகளாக நோக்கும் நிலை மாற்றப்பட வேண்டியது அரசின் கடமையாகும்.

புகலிட நாடுகளுக்கும் ஒரு கடமை உண்டு. தஞ்ச முறைமை துஷ்பிரயோகம் செய்யப்படக் கூடாது என்பதில் அவை கவனமாக இருப்பதில் தவறில்லை. ஆனால் உல்லாசப் பயணத்தையும், உயிர் பிரியும் தாயின் கையைப் பற்றச் சென்ற பயணத்தையும் ஒரே குற்றமாக நோக்கும் சட்டம் தன் நோக்கத்தையே இழந்துவிடுகிறது. அச்சம் பாசத்தை அழித்துவிடுவதில்லை. அஞ்சியபடியே வந்து, அஞ்சியபடியே திரும்பிச் சென்றவர்களும் எம்மிடையே உள்ளனர்.

ஆனால் சட்டம் மாறும்வரை சட்டம் சட்டமே. அக்கராயனிலோ, முல்லைத்தீவிலோ, புத்தளத்திலோ இருந்துகொண்டு பிள்ளையை அழைக்கும் தாய் தந்தையர், "வா" என்று கூறுமுன் "உனக்கு அங்கே பிரசாவுரிமை கிடைத்துவிட்டதா?" என்று ஒரு வார்த்தை கேட்பது நன்று. அந்த ஒரு கேள்வி, பல வருடக் காத்திருப்பையும், அந்நிய மண்ணில் அவர்கள் கட்டியெழுப்பிய வாழ்வையும் காப்பாற்றக்கூடும்.